கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள்: ராய் ஆண்டர்சன் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதத் திரையிடலுக்கு ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள் புதிதாக வந்திருந்தார்கள். படம், ஸ்வீடன் இயக்குநர் ராய் ஆண்டர்சனின் 'இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்'. ஆங்கிலத்தில் 'சாங்ஸ் ஃப்ரம் த செகண்ட் ஃப்ளோர்' என்று தேடினால் கிடைக்கும். முடிந்ததும் ஒரு பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், அந்தச் சிலுவைக்கு என்ன அர்த்தம்?" பக்கத்தில் இருந்தவன், "கதை எங்க சார் ஆரம்பிச்சுது?" என்றான். மூன்றாவது ஆள் எதுவும் கேட்கவில்லை. பாதிப் படத்தில் அவன் செல்போனில் கதைச்சுருக்கம் படித்துக்கொண்டிருந்ததைப் பின்வரிசையிலிருந்து நானே பார்த்தேன்.

கோபம் வரவில்லை. இதே படத்தின் முன்னால் உட்கார்ந்து இதே தவறுகளை வரிசையாகச் செய்தவன்தான் நானும். போதாக்குறைக்கு, திரையிடல் நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு ஹால் நிறைய ஆட்களைக் கூட்டிவைத்தும் செய்திருக்கிறேன். செல்போனை அணையுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதும் இல்லை.

முதலில் ஆளைப் பற்றி நாலு வரி. ஆண்டர்சன் 1943-இல் கோதென்பர்கில் பிறந்தவர். 1970-இல் முதல் படம், இரண்டு வளரிளம் பிள்ளைகளின் காதல். நல்ல பெயர் கிடைத்தது. 1975-இல் எடுத்த இரண்டாவது படம் படுத்துவிட்டது. அப்புறம் 25 வருஷம் முழுநீளப் படமே கிடையாது. விளம்பரப் படங்கள் எடுத்தார், நூற்றுக்கணக்கில். 1981-இல் ஸ்டாக்ஹோமில் 'ஸ்டுடியோ 24' என்று சொந்தமாக ஒரு ஸ்டுடியோ வைத்துக்கொண்டார். தெருவா, ஆஸ்பத்திரியா, ரயில் நிலையமா, எது வேண்டுமானாலும் செட் போட்டு, தூரத்துக் கட்டடங்களைத் திரையில் வரைந்து, நடிப்பே தொழிலாக இல்லாத ஆட்களை முகத்தில் வெள்ளையடித்து நிறுத்தி, இந்தப் படத்தை நாலு வருஷம் எடுத்து முடித்தார். 2000-இல் கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படம் அது. இசை, 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாப் இசைக்குழுவின் பென்னி ஆண்டர்சன். மொத்தம் 46 ஷாட். ஒரு காட்சி, ஒரு ஷாட். கேமரா ஒரு இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். படம் முழுக்க ஒரே ஒரு தடவை நகர்கிறது. எங்கே என்று சொல்லமாட்டேன்.

கதையைக் கோக்கப் பார்ப்பது

கதை இல்லாமல் இல்லை. கல்லே என்று ஒரு பருத்த மனிதர் இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் ஃபர்னிச்சர் கடைக்குத் தானே தீ வைத்துவிடுகிறார். அவருடைய மூத்த பையன் மனநல மருத்துவமனையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கவிதை எழுதி எழுதியே பைத்தியம் பிடித்துவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா புலம்புகிறார். ஊரில் ஒரு போக்குவரத்து நெரிசல், நாள் கணக்கில் நகராமல் நிற்கிறது. இந்த மூன்றும் அவ்வப்போது வரும், போகும். மற்றதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள். ஒருவர் ஒரு காட்சியில் வருவார், அப்புறம் வரவே மாட்டார்.

நான் முதல் தடவை பார்த்தபோது ஒரு தாளில் அம்புக்குறி போட்டு யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் பதினோரு பெயர் இருந்தது. படத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும்போது என்ன செய்கிறோமோ அதைச் செய்தால் போதும்.

கண்ணைச் சப்டைட்டிலில் ஒட்டவைத்துவிடுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம் இது ஒன்றுதான்.

நாம் உலக சினிமாவைப் பார்த்துப் பழகியது வரி படித்துத்தான். ஸ்வீடிஷும் தெரியாது, போலிஷும் தெரியாது. திரையின் அடியில் ஆங்கிலம் ஓடும். கண் அங்கேயே காவல் நிற்கும். வரி மாறுவதற்குள் மேலே ஒரு பார்வை, உடனே மறுபடி கீழே. முகத்தை அருகில் காட்டி எடுக்கிற படங்களில் இது ஓடிவிடும். வாயும் கண்ணும் திரையை நிறைத்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டர்சனிடம் இது செல்லாது. அவர் நெருங்கிப் போவதே இல்லை. அறையின் இந்த மூலையில் கேமராவை வைத்தால், முன்னால் இருக்கும் மேஜையும் துல்லியமாகத் தெரியும், கடைசிச் சுவரில் இருக்கும் ஜன்னலும் அதற்கு வெளியே இருக்கும் தெருவும் அதே துல்லியத்தில் தெரியும். பேசுகிறவர் முன்னால் நிற்பார். விஷயம் பின்னால் நடக்கும். அடிவரியில் கண் இருந்தால் விஷயம் போய்விடும்.

உதாரணத்துக்கு ஒன்று. கடை எரிந்து சாம்பலாகிக் கிடக்கிறது. கரி படிந்த சுவர்களுக்கு நடுவில் கல்லே நின்றுகொண்டு இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசுகிறார். என்னென்ன போயிற்று, எவ்வளவு போயிற்று என்கிற பேச்சு. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வழியாகத் தெரு. அந்தத் தெருவில் கோட்டும் டையும் போட்ட அலுவலக ஆட்கள் வரிசையாக, முன்னால் போகிறவரின் முதுகில் சாட்டையால் அடித்தபடி ஊர்வலம் போகிறார்கள். ஐரோப்பாவில் கொள்ளை நோய்க் காலத்தில் பாவம் தீர இப்படித் தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் உண்டு. இங்கே அதைச் செய்கிறவர்கள் பங்குச்சந்தைக்கு வேலைக்குப் போகிற மாதிரி உடுத்தியவர்கள். உள்ளே இருக்கிற யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

இந்தக் காட்சியை லேப்டாப்பில் இரண்டு தடவை பார்த்தவன் நான். இரண்டு தடவையும் ஊர்வலம் கண்ணில் படவில்லை. இன்சூரன்ஸ் பேச்சு மட்டும் வரிக்கு வரி ஞாபகம் இருந்தது.

இதோடு நின்றிருந்தால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். சில வருஷம் கழித்து எங்கள் ஊரில் இந்தப் படத்தைத் திரையிடுவது என்று முடிவானபோது, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று தமிழில் சப்டைட்டில் போட உட்கார்ந்தேன். மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக. ஒரு வார்த்தை விடவில்லை. பாத்திரங்கள் முனகுவதைக்கூட எழுதினேன். அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேறு: இவர் பெரு நாட்டுக் கவிஞர், இது பழைய ஐரோப்பிய வழக்கம் என்று. தமிழில் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரி என்றால் எனக்கு இரண்டு வரி வந்தது, சில இடத்தில் மூன்று. பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். ஹால் இருட்டானது. தோலைக் கொஞ்சம் கருக்கிக்கொள்ளப் படுக்கிற வெயில் விளக்குப் பெட்டிக்குள் ஒரு முதலாளி படுத்திருக்க, அவர் கால் மட்டும் வெளியே தெரிகிற முதல் காட்சி வந்தது. கீழே தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. ஹால்காரர்களின் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை. ஆபரேட்டர் தம்பி ஓடிவந்து, "அண்ணே, எழுத்தை நிறுத்திட்டு ஓட்டவா, படத்தை நிறுத்தவா?" என்றான். எழுத்தை நிறுத்து, ஓடட்டும், அதற்குள் சரிசெய்துவிடலாம் என்றேன்.

அடுத்து நீளமான அலுவலக நடைபாதை. முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவரை அன்றைக்கு நீக்கிவிட்டார்கள். அவர் மேலதிகாரியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். அதிகாரி காலை உதறப் பார்க்கிறார், முடியவில்லை. அப்படியே அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடக்கிறார். நடைபாதையின் இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் திறந்திருக்கிறது. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு முகம். யாரும் வெளியே வரவில்லை, யாரும் கதவை மூடவும் இல்லை.

ஹாலில் யாரோ ஒருவர் அந்தக் கதவுகளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்குப் புரிந்து அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பாதி ஹால் சிரித்தது. அப்புறம் அந்த ஆள் தரையில் கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பு ஒரு மாதிரியாக அடங்கியது. ஒரு வார்த்தை யாருக்கும் புரிந்திருக்காது. காட்சி முழுசாகப் புரிந்திருந்தது.

கால் மணி நேரத்தில் தம்பி எழுத்துருவை ஏற்றிவிட்டான். தமிழ் வந்தது. நான் ஹாலின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். அறுபது தலையும் ஒரே நேரத்தில் இரண்டு அங்குலம் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. சாட்டை ஊர்வலம் வந்தது, போனது. ஹாலில் ஒரு சலசலப்பு இல்லை. என்னுடைய மூன்று வரித் தமிழைப் படித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

வாடகை கொடுத்து ஆட்களைக் கூட்டி, அவர்கள் படத்தைப் பார்த்துவிடாதபடி நானே பார்த்துக்கொண்டேன். ஒரு படத்தை முதல் தடவையாகப் பார்ப்பது ஒரு தடவைதான் நடக்கும். அந்த அறுபது பேருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? பார்ப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். காட்சி தொடங்கியதும் யாராவது வாயைத் திறப்பதற்குச் சில நொடி இருக்கும். அந்த நொடிகளைக் கடைசிச் சுவருக்குக் கொடுங்கள். கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, ஓரத்தில் சும்மா நிற்கிறவர் யார் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வரி வந்தால் வந்துபோகட்டும். ஒன்றிரண்டு தவறினால் குடி முழுகாது. இந்த ஆட்கள் சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முடிந்தால் இரண்டாவது தடவை சப்டைட்டிலை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 98 நிமிஷம்தான்.

சப்டைட்டில் போட உட்காருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அந்த நடைபாதை ஆளுக்கு நான் முதலில் எழுதியது: "நான் இந்த நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருக்கிறேன்!" காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இழுபடுகிறவன் பேசுகிற தமிழா இது? இப்போது என் கோப்பில் இருப்பது: "முப்பது வருஷம் சார்!" அவர் அதையே மறுபடி சொல்லும்போது அங்கே எழுத்தே கிடையாது. குரலே சொல்லிவிடும். அடைப்புக்குறி விளக்கங்கள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். கோப்பு பாதியாக இளைத்துவிட்டது.

குறியீட்டு வேட்டை

சிலுவைக்கு என்ன அர்த்தம் என்று கேட்ட பையனுக்கு: அது விற்பனைச் சரக்கு. ஏசு பிறந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது, இப்போது நன்றாகப் போகும் என்று படத்தில் வியாபாரம் பேசுகிறார்கள். போகவில்லை. விற்காத சரக்கைக் குப்பை மேட்டில் கொட்டுகிறார்கள். காட்சியில் இருப்பதே போதுமான அளவுக்குக் கொடுமையாக இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு ஒரு அர்த்தம்?

சிரிப்பை அடக்குவது

கலைப்படம் என்றால் நம் ஆட்கள் சாவு வீட்டுக்கு வந்தமாதிரி உட்காருவார்கள். இதில் ஒரு மந்திரவாதி மேடையில் ஆளைப் பெட்டியில் படுக்கவைத்து ரம்பத்தால் அறுக்கிறான். வித்தை பலிக்கவில்லை, ரம்பம் நிஜமாகவே வயிற்றில் இறங்கிவிடுகிறது. அடுத்து ஆஸ்பத்திரி. அப்புறம் ராத்திரி அந்த ஆள் படுக்கையில் கிடக்கிறார், கொஞ்சம் அசைந்தாலும் வலியில் கத்துகிறார். இதற்குச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு ஏன் சிரித்தோம் என்று சங்கடப்பட்டால் இன்னும் நல்லது.

இதே கையால்தான் ஆண்டர்சன் இன்னொரு காட்சியும் எடுத்திருக்கிறார். பொருளாதாரம் சரிந்துவிட்டது, நிபுணர்கள் ஸ்படிக உருண்டையைக் கையில் கொடுத்து மாற்றி மாற்றி உற்றுப் பார்த்தும் ஒரு வழியும் தெரியவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்களும் பாதிரியார்களும் கூடிநிற்க, ஒரு சிறுமியின் கண்ணைக் கட்டி மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். கேமரா அப்போதும் அதே தூரத்தில், அதே மாதிரி நிற்கிறது. மந்திரவாதிக்குச் சிரித்தவருக்குத்தான் இது சரியாக வந்து விழும். விறைப்பாக உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டுமே ஒன்றுதான்.

பெர்க்மனை இழுத்துவருவது

ஸ்வீடன் என்றதும் அந்த நாட்டின் இன்னொரு பெரிய இயக்குநரான பெர்க்மன் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் முகத்துக்குள் போகிறவர், இவர் பத்தடி தள்ளி நிற்கிறவர். இந்தப் படத்துக்குச் சொந்தம் தேடித்தான் ஆக வேண்டும் என்றால் ஓவியர்களிடம் போங்கள். ப்ரூகல் வரைந்த கூட்டங்களில் எங்கோ ஒரு மூலையில் ஒருவன் பல்டி அடித்துக்கொண்டிருப்பானே, அந்தக் குடும்பம் இது. ஆண்டர்சனுடைய பிந்தைய படம் ஒன்றின் தலைப்பே ப்ரூகலின் பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியத்தில், கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையிலிருந்து வந்ததுதான்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது

விமான நிலையத்தில் மலை மலையாகப் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டிகளை ஒரு கூட்டமே அங்குலம் அங்குலமாகத் தள்ளும் காட்சியை வேகமாக ஓட்டுகிறவரிடம் எனக்குப் பேச்சு இல்லை.

ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடுவது

2007, 2014 என்று ஏழு ஏழு வருஷ இடைவெளியில் இதன் தொடர்ச்சிபோல இன்னும் இரண்டு படம் எடுத்தார். மூன்றாவதற்கு வெனிஸ் விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. அவர் பதினான்கு வருஷம் எடுத்துக்கொண்டதை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிக்காதீர்கள்.

கவிதையைத் தாண்டிப் போவது

இது கொஞ்சம் நுட்பமான தவறு. ரொம்பப் பேர் செய்வது, நானும் வருஷக்கணக்கில் செய்தது.

படம் செசார் வயேஹோவுக்குக் காணிக்கை. பெரு நாட்டுக் கவிஞர், 1938-இல் பாரிஸில் இறந்தார். படம் முழுக்க அவருடைய கவிதை ஒன்றின் வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மருத்துவமனையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அருகில், டாக்ஸி ஓட்டும் தம்பி அதைச் சொல்கிறான். கேட்க அழகாக இருக்கிறது, சரி, சோகத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கவிதை என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் முழுக் கவிதையையும் தேடிப் படித்தேன்.

யார் யாரெல்லாம் நேசிக்கப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் அது. தொப்பி இல்லாத வழுக்கைத் தலையன். பிறந்தநாள் இல்லாதவன். கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டவன். நெருப்பில் தன் நிழலைத் தொலைத்தவன். படித்ததும் எழுந்து படத்தை மறுபடி போட்டேன். ரயில் கதவில் விரல் மாட்டிக்கொண்டு ஒருவர் துடிக்க, சுற்றிலும் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும் காட்சி இருக்கிறது. கடையை எரித்துவிட்டு, உடம்பெல்லாம் கரியோடு, கருகிய காகிதங்கள் இருக்கும் பையைப் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் கல்லே நிற்க, பயணிகள் எல்லாரும் ஓபரா மாதிரிக் கோரஸ் பாடும் காட்சி இருக்கிறது. தொடர்பே இல்லாத ஆட்கள் என்று நான் அம்புக்குறி போட்டுத் தோற்ற அந்தப் பதினோரு பேரும் இந்தப் பட்டியலுக்குள் தாராளமாக உட்காருவார்கள்.

கடைசிக் காட்சியைப் பார்க்கும்போதும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே குப்பை மேடு, பின்னால் பரந்த வெளி. கல்லேவிடம் கடன் வசூலிக்காமலேயே செத்துப்போன நண்பர், போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் தூக்கில் போட்ட ரஷ்யப் பையன், கண்ணைக் கட்டித் தள்ளிவிடப்பட்ட அந்தச் சிறுமி. மேலும் யார் யார், எங்கிருந்து எழுந்து வருகிறார்கள் என்பதை, கண்ணை மேலே வைத்திருந்தால் நீங்களே பார்ப்பீர்கள். அங்கே நான் ஏறக்குறைய எழுத்தே வைக்கவில்லை.

திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு வரிதான் இன்னும் உதைக்கிறது. உட்காருகிறவன் நேசிக்கப்படட்டும் என்கிற பொருள். முதலில் "அமர்ந்திருப்பவன் எவனோ அவன் அன்பு செய்யப்படுவானாக" என்று எழுதிவைத்திருந்தேன். படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். "உட்கார்ந்தவர்கள் பாக்கியவான்கள்" என்று மாற்றினேன். பைபிளின் மலைப் பிரசங்க வாசனை கவிதைக்குப் பொருந்துகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் வயேஹோ அவர்களைப் பாக்கியவான்கள் என்று எங்கே சொன்னார்? அவர்களை யாராவது நேசியுங்கள் என்றல்லவா கேட்கிறார். "உட்கார்ந்தவனை நேசி" என்று போட்டுப் பார்த்தேன். சுவரில் எழுதிய அறிவிப்பு மாதிரி இருந்தது.

மாணவர்கள் கேட்டதால் அடுத்த மாதம் இதே படத்தை மறுபடி போடுகிறோம். பதினெட்டு நாள் இருக்கிறது. கோப்பில் அந்த இடம் இப்போதைக்குக் காலியாகக் கிடக்கிறது.